சகுனிக்குத் தெரிந்திருந்தது: ஞாயிறு மாலைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பா அம்மாக்களுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு வந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக் கதை ஆட்டம் ஆடிவிட்டு ஏழு மணிக்குத் திரும்பும் ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர்கள் நீங்கள். போன மாதத்திலிருந்து மூன்று பேர்தான் வருகிறார்கள். ஏன் என்று யாரும் என்னிடம் நேரில் சொல்லவில்லை. பால் வாங்கப் போன இடத்தில் ஒரு அம்மா பக்கத்தில் நின்றவரிடம், எனக்கும் கேட்கட்டும் என்பது போல, "வயசுப் பிள்ளைங்களை உட்கார வச்சுப் பகடை உருட்டுறாங்களாம்" என்றார். இன்னொரு வீட்டில் இதற்குப் பேய் விளையாட்டு என்று பெயராம். ஓர் அப்பா தன் மகனின் நோட்டை வாங்கி பீரோ மேல் வைத்துவிட்டார். அந்த நோட்டு எனக்கு வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பகடை. நம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குப் பகடை என்றதும் வயிற்றைப் பிசைவது நியாயம்தான். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் பதினெட்டு நாளும் உட்கார்ந்தவர்கள் நாம். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. எனக்கு எட்டு வயதிருக்கும்போது பாட்டி பாயும் பொரியும் எடுத்துக்கொண்டு என்னைப் பகடை துகில் என்ற கூத்துக்குக் கூட்டிப் போனாள். நடுவில் தூங்கிவிட்டேன். துகில் உரியும் கட்டத்தில் உலுக்கி எழுப்பினாள். பாஞ்சாலி வேடம் கட்டியவர் ஓர் ஆண், மீசையை மழித்த இடம் பச்சையாகத் தெரிந்தது, அதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. பாட்டி எழுந்து நின்று கும்பிட்டாள். மறுநாள் காலையில் வீட்டிலிருந்த பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து அடுப்பங்கரைப் பரணில் போட்டுவிட்டாள். ஒரு மாதம் கழித்து அவளே இறக்கினாள் என்பது வேறு விஷயம்.

நாங்கள் உருட்டுவது அதே தாயக்கட்டைதான். ஆனால் எங்கள் ஆட்டத்தில் பணயம் கிடையாது. பணமும் இல்லை, புளியங்கொட்டைகூட இல்லை. ஜெயித்தவர் தோற்றவர் என்று யாரும் எழுந்து போவதில்லை. அப்புறம் எதற்குக் கட்டை?

ஆட்டம் எப்படி நடக்கிறது என்று சொன்னால் புரியும். ஒருவர் கதை சொல்கிறார், அது நான். பிள்ளைகள் என்னைக் கட்டியங்காரன் என்கிறார்கள். கூத்தில் கட்டியங்காரன் செய்வதைத்தான் நானும் செய்கிறேன்: ராஜா வருகிறார் என்று அறிவிப்பது, வாயில்காப்போனாக நிற்பது, கிழவியாகப் பேசுவது, இடையில் ஆட்டத்தை விட்டு வெளியே வந்து யாரையாவது கிண்டல் செய்வது. மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேடம். நான் இடத்தைச் சொல்லி, ஆபத்தைச் சொல்லி, "நீ என்ன செய்யறே?" என்று கேட்பேன். பிள்ளை யோசித்துச் சொல்வான். அது நிச்சயமாக முடிகிற காரியம் என்றால் முடிந்தது. முடியவே முடியாதது என்றால் இல்லை. முடியலாம், முடியாமலும் போகலாம் என்றால் மட்டும் கட்டை உருளும்.

இந்த வகை ஆட்டத்துக்கு அச்சிட்ட விதிகள் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1974-ல், அமெரிக்காவில். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் எழுதியது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், முதல் பதிப்பு 1000 பிரதி. அங்கேயும் 1980-களில் பெற்றோர் பயந்தார்கள். சாத்தான் வழிபாடு என்றார்கள், தொலைக்காட்சியில் விவாதித்தார்கள். ஆகவே பேய் விளையாட்டு என்று சொன்ன வீட்டார் மேல் எனக்குக் கோபமில்லை, நீங்கள் தனியாக இல்லை.

நான் இதைக் கற்றது பெங்களூரில், ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த நாட்களில். உடன் வேலை பார்த்த பெண் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டாள். மேசையில் நான்கு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று கண்ணாடி மிட்டாய் மாதிரிக் காய்கள். எல்லோரும் ஆங்கிலத்தில் குள்ளர்களாகவும் மந்திரவாதிகளாகவும் பேசினார்கள். எனக்குக் கூச்சம். முதல் இரண்டு வாரம் "நான் கதவருகில் நிற்கிறேன்" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் கதவைத் திறந்துகொண்டு எதிரி வந்துவிட்டான், கதவருகில் நின்றது நான் ஒருத்திதான்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னை மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவள் என்றுதான் உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதிலிருந்து கதை எழுதினேன். மொத்தம் பதினொன்று. தபால்தலை ஒட்டிய உறை வைத்து அனுப்பினேன். இரண்டு திரும்பி வந்தன, எட்டைப் பற்றித் தகவலே இல்லை, ஒன்று அச்சில் வந்தது. அதிலும் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டார்கள். ஒரு வருடம் அந்தக் கோபத்தில் இருந்தேன். இப்போது எடுத்துப் படித்தால், வெட்டியவர் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார்.

அந்தப் பதினொரு கதைகளுக்கும் ஒரே கோளாறு. முதல் வரி எழுதும்போதே கடைசி வரி எனக்குத் தெரியும். நல்லவள் கஷ்டப்படுவாள் என்று தெரியும், மாமியார் மனம் மாறமாட்டாள் என்று தெரியும், மழை எப்போது வரும் என்றுகூடத் தெரியும். கதையில் வருகிறவர்களுக்கு நான் விட்டுவைத்தது ஒன்றுமில்லை, நடந்து போய் நான் வரைந்த குழியில் விழுவதுதான் அவர்கள் வேலை.

கூத்து மேடையில் தருமன் தோற்றானே, அந்தப் பகடையில் என்ன குற்றம்? விழப்போவது என்ன என்று சகுனிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. தருமன் மட்டும்தான் அதை ஆட்டம் என்று நினைத்து ஆடினான். நான் தனியாக உட்கார்ந்து எழுதிய கதைகளில் நான்தான் சகுனி. பெங்களூர் மேசையில் அந்த இருபது முகக் காயை உருட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் கதவைத் திறந்தவனை நான் தள்ளுவேனா, அவன் என்னைக் குத்துவானா என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. கதை சொல்கிறவருக்கும் தெரியாது. அன்று ராத்திரி விடுதிக்கு வந்து நடந்ததை எழுதி வைத்தேன். நான்கு வருடத்துக்குப் பிறகு எழுதினேன்.

இந்த ஆட்டத்துக்கு முன்னோடியாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். 1969-ல் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு போர் விளையாட்டு நடத்தினார். வழக்கமாக ஆளுக்கொரு படை. அவர் கூடுதலாக, பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரில் ஆட்களுக்குத் தனித்தனி வேடமும் கொடுத்தார். சண்டை தொடங்கும் முன்பே ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போய்த் தங்கள் வேடத்துக்கான காரியத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். போர் நடக்கவே இல்லை. ஆட்டம் கெட்டது என்று அவர் நினைத்தார். ஆடினவர்களோ இன்னொரு முறை வேண்டும் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்ட கூட்டத்தில் பின்னாளில் விதி எழுதிய ஆர்னசனும் இருந்தார். கைமீறிப் போன ஒரு மாலையிலிருந்து வந்த ஆட்டம் இது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியபோது காய்களையும் கொண்டு வந்தேன். பிள்ளைகள் அவற்றைச் சாமான் மாதிரி பார்த்தார்கள். தாயக்கட்டையை எடுத்ததும்தான் கை தானாக உருட்டியது. ஆகவே விதியை மாற்றினேன். கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு முகம், ஒன்று இரண்டு மூன்று அப்புறம் வெறும் முகம். பதினாறு விதமாக விழலாம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் நினைத்தது நடக்கும், மூன்றும் நான்கும் விழுந்தால் நடக்கும் ஆனால் ஏதோ ஒன்றை இழக்க வேண்டும், இரண்டு விழுந்தால் கெட்டது. இப்படி வைத்தேன். மூன்றாவது வாரம் உங்களில் ஒருவரின் மகள், பத்தாம் வகுப்பு, நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். "அக்கா, பதினாறுல மூணு தடவைதான் தோக்கறோம். பயமே இல்லை, போர் அடிக்குது." மூன்று விழுவதற்கு நான்கு வழி இருக்கிறது, அதைத் தோல்விப் பக்கம் தள்ளுங்கள் என்றாள். தள்ளினோம். இப்போது ஏழு கெட்டது, ஆறு நல்லது, மூன்று இரண்டுங்கெட்டான். நிகழ்தகவு என்ற பாடம் அவள் புத்தகத்தில் இருக்கிறது. அவள் அந்தக் கணக்கைப் போட்டது மதிப்பெண்ணுக்காக இல்லை, தன் ஆள் சாகக் கூடிய அளவுக்கு ஆட்டம் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக.

அவள் ஆள் செத்தும் போனாள். அதைச் சொல்கிறேன்.

எங்கள் கதை நடப்பது தகடூரில். சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானின் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, முற்றுகையிட்ட காலம். அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு நூலே இருந்தது, முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற தொகைநூலிலும் பழைய உரைகளிலும் சில பாடல்கள் மிஞ்சியிருக்கின்றன. நம் ஊர்ச் சண்டையின் கதை நடுவில் கிழிந்து கிடக்கிறது என்றதும் பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாமே நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா! அரசர் வேடம் யாரும் கேட்கவில்லை. ஒருவன் மாடு மேய்ப்பவன், ஒருத்தி உப்பு விற்கும் உமணப் பெண், ஒருவன் யாழ் தொலைத்த பாணன், ஒருவன் கோட்டைக்குள் தண்ணீர் சுமப்பவன். கணக்குப் போட்டவள் மட்டும் கொல்லன் மகள் வேண்டும் என்றாள். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போய், அவன் ஆயுதசாலையில் வேலெல்லாம் பீலி சூட்டி நெய் பூசிப் பளபளவென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் மன்னன் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறைக் குடிசையில் கிடக்கின்றன என்று பாடினாரே, அந்தப் புறநானூற்றுப் பாட்டை நான் சொல்லியிருந்தேன். "அந்தக் குடிசைல ஒரு ஆள் இருந்திருக்கணும் இல்லக்கா? அவங்க பேரு பாட்டுல இல்லை. அது நான்" என்றாள்.

பத்து ஞாயிறு ஆடியிருப்போம். பாணனாக வருகிற பையன் வகுப்பில் பேசமாட்டான், வீட்டில் தெலுங்கு, தமிழில் திக்கும். ஒரு நாள் சேரன் படையோடு வந்த வடுகக் காவல்காரனைப் பேசி மயக்க வேண்டியிருந்தது. வடக்கே வேறு மொழி பேசியவர்களை வடுகர் என்று சங்கப் பாட்டே சொல்கிறது, ஆகவே நான் காவல்காரனைத் தெலுங்கில் பேச வைத்தேன். (அந்தக் காலத்துத் தெலுங்கு எப்படி இருந்திருக்கும் என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்.) பையன் இருபது நிமிடம் பேசினான். தாத்தா சொன்ன கதை ஒன்றை அப்படியே பாட்டாக்கிப் பாடினான். தின்ன வைத்த நிப்பட்டுத் தட்டு கைபடாமல் கிடந்தது. கட்டையை உருட்டச் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உருட்டினான், இரண்டு விழுந்தது. காவல்காரன் பாட்டைக் கேட்டு அழுதான், அழுதுகொண்டே அவனைப் பிடித்துக் கட்டினான். அவ்வளவு நல்ல காட்சியை என் வாழ்நாளில் தனியாக எழுதியதில்லை, எழுதியிருந்தால் காவல்காரன் அவனை விட்டுவிட்டதாக முடித்திருப்பேன்.

கொல்லன் மகள் மாடுகளை மீட்கப் போய் ஆற்றுத் துறையில் நின்று செத்தாள். நான்கு பேர் தப்பிக்க ஒருத்தி நிற்க வேண்டும், கட்டை மூன்று முறையும் சரியாக விழவில்லை. நான் மனமிரங்கி விதியை வளைக்கப் பார்த்தேன். "வேண்டாம்கா" என்றாள். அழுதாள். அன்று வீட்டுக்கு வந்தும் அழுததாக அவள் அம்மா சொன்னார். அது எனக்குத் தெரியும். மறுவாரம் அவர்களே நடுகல் ஒன்று எழுதிக் கொண்டுவந்தார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் கல். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான். அவ்வளவுதான் இருக்கும். எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு வேடத்துக்கும் ஓர் அட்டை உண்டு, அதிலும் பேர், ஊர், தெரிந்த தொழில், எதற்காக உயிரை விடுவாய் என்ற நான்கு வரிதான். பிள்ளைகள் அதில் 'பட்டாள்' என்று போட்டிருந்தார்கள். கீழே ஒரு நாய். கதையில் நாயே கிடையாது. கேட்டேன். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர் நடுகல்லில் கோவிவன் என்ற நாய்க்கும் இடம் உண்டு என்று நான் எப்போதோ சொன்னதை வைத்துக்கொண்டு, "தனியா இருக்க வேணாம்னு போட்டோம்" என்றார்கள்.

இனி என் தவறுகள். ஒரு ஞாயிறு மின்சாரம் போய்விட்டது. இருட்டு வாகாக இருக்கிறதே என்று முற்றுகை இரவை நான் கொஞ்சம் கூடுதலாகவே வர்ணித்தேன். சிறியவன் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அவன் அம்மா வந்து சத்தம் போட்டார், போட்டது சரி. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யார் உள்ளங்கையை விரித்துப் பாயில் வைத்தாலும் காட்சி அங்கேயே நிற்கும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. வெளிநாடுகளில் பல மேசைகளில் இதற்கென்று ஓர் அட்டையே நடுவில் கிடக்கும். எங்களுக்குக் கை போதும். இதுவரை நான்கு முறை வைத்திருக்கிறார்கள், ஒரு முறை வைத்தது நான். இன்னொரு நாள் எட்டரை மணி ஆகிவிட்டது, ஓர் அப்பா வண்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதுவும் என் தவறுதான், இப்போது ஏழுக்கு அலாரம் வைக்கிறேன்.

படிப்பு கெடும் என்பவர்களுக்கு: பொதுத்தேர்வு எழுதும் இருவருக்கும் பொங்கலிலிருந்து தேர்வு முடியும்வரை ஆட்டம் இல்லை என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆணும் பெண்ணும் ஒரே பாயிலா என்பவர்களுக்கு: திண்ணை தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது, அம்மா கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், தப்பாக யாராவது உருட்டினால் அவள்தான் முதலில் கத்துகிறாள். செல்போன் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. மூன்று மணிநேரம் ஐந்து பிள்ளைகளும் அதைத் தொடுவதில்லை என்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

நான் என்ன லாபத்துக்கு இதைச் செய்கிறேன் என்று ஒருவர் கேட்டாராம். நல்ல கேள்வி. ஒவ்வொரு ஞாயிறு இரவும் நடந்ததை ஆலையில் வாங்கிய நீளப் பேரேட்டில் எழுதுகிறேன். இடது பக்கம் அவர்கள் செய்தது, வலது பக்கம் அதனால் ஆனது. கணக்குக்காரிக்கு வேறு எப்படி எழுத வரும்? இரண்டு பேரேடு நிறைந்துவிட்டது. எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப் போவதில்லை, ஆறு பேரைத் தவிர யாருக்கும் அது விளங்காது. மாம்பழ சீசனில் ராத்திரி பதினொரு மணிக்கு லாரி வரவை எழுதி முடித்துவிட்டு வந்தும் ஒரு பக்கம் எழுதிவிட்டுத்தான் படுக்கிறேன். உறையும் தபால்தலையும் வைத்து அனுப்பிய நாட்களில் அப்படி எழுதியதில்லை. என் லாபம் அது.

இப்போது நோட்டு. நாற்பது பக்கம், நீல அட்டை, முனையில் எண்ணெய்க் கறை, அது எங்கள் வீட்டு நிப்பட்டுக் கறை, மன்னிக்கவும். உங்கள் மகன்தான் எங்களுக்கு வழி வரைகிறவன். கோட்டையின் சுற்றுச்சுவர், தொப்பூர்ப் பக்கம் போகும் காட்டுப் பாதை, பெண்ணையாற்றின் வளைவு எல்லாம் அவன் கையால் வரைந்தது. நடுவில் நாக்கை நீட்டிய அரக்கன் படம் ஒன்று இருக்கும், அதைப் பார்த்துத்தான் நீங்கள் பயந்தீர்கள் என்று நினைக்கிறேன். அது அரக்கன் இல்லை சார். மாசி மாதம் நம் ஊர் மயானக் கொள்ளையில் பார்த்த வேடத்தை வரைந்திருக்கிறான், பக்கத்தில் அவனே எழுதியும் வைத்திருக்கிறான்.

அவனை அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம். நோட்டை மட்டுமாவது கொடுத்தனுப்புங்கள், அல்லது ஞாயிறு நான்கு மணிக்கு நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள், உங்களுக்கும் ஒரு வேடம் தருகிறேன். பதினேழாம் பக்கத்தில் ஆற்றைக் கடக்கும் துறை குறித்திருக்கிறது. அது எங்கே என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. மூன்று வாரமாக அக்கரையில் சேரன் படையின் தீவட்டி தெரிகிறது, இக்கரையில் முப்பது மாடுகளை வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

இப்படிக்கு,
கட்டியங்காரன்